கணையத்துக்குள் ஒரு கொத்தனார்

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு)

இதயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பையன்கூட நெஞ்சைத் தொட்டுக் காட்டுவான். ஈரல் எங்கே என்றால் வலது விலாவுக்குக் கீழே என்று நாமும் சொல்லிவிடுவோம். கணையம் எங்கே, சொல்லுங்க பார்ப்போம்? எங்கள் விடுதியில் பதினோரு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் "சர்க்கரை வியாதி வருமே, அதுதானே" என்றார்கள். ஒருவர் "ஆட்டுக்கறியில் இருக்குமே, மண்ணீரல், அதுவா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அது வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்கே படுத்திருக்கிறது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், 100 கிராமுக்கு உள்ளாகத்தான் எடை. இந்தச் சின்ன உறுப்பு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ஜீரண நீரைச் சுரக்கிறது. நாம் மெஸ்ஸில் சாப்பிடும் சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் உடைத்துக் கரைப்பது பெரும்பாலும் இந்த நீர்தான். இன்சுலின் சுரப்பதும் இதே கணையம்தான் என்றாலும், இன்சுலின் சுரக்கும் திட்டுகள் மொத்தக் கணையத்தில் மிகச் சிறிய பங்கு. மீதி எல்லாம் ஜீரணத் தொழிற்சாலை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புரதத்தை உடைக்கும் டிரிப்சின் என்ற நொதி கணையத்தில்தான் தயாராகிறது. கணையமே புரதத்தால் ஆனது. அப்படியானால் தன்னையே தின்றுவிடாதா? தின்னாது. ஏனென்றால் கணையத்தை விட்டுக் கிளம்பும்போது அது டிரிப்சினோஜன் என்ற தூங்கும் நிலையில் இருக்கிறது. சிறுகுடலுக்கு வந்த பிறகுதான் அங்குள்ள வேறொரு நொதி அதை எழுப்புகிறது. குவாரிக்கு வெடிமருந்து தனியாகவும் டெட்டனேட்டர் தனியாகவும் போகிற மாதிரி. இரண்டும் வண்டியிலேயே சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் கணைய அழற்சி. கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. இப்படித்தான் நடக்கிறது என்று ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்குறி நிபுணர் 1896-லேயே சொல்லிவிட்டார்.

மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும் வலி, நிமிர்ந்து படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிற வலி, வாந்தி: இவையே அடையாளம். பித்தப்பைக் கல்லும் சாராயமும்தான் உலகெங்கும் முதல் இரண்டு காரணங்கள். ஒரு தடவை வந்து ஆறிப்போனால் பிழைத்தோம். திரும்பத் திரும்ப வந்தால் நாள்பட்ட கணைய அழற்சி. அப்போது கணையம் மெல்ல மெல்ல இறுகி, நாராகி, சுண்ணாம்புக்கல் பிடித்து, ஒரு கட்டத்தில் ஜீரண நீரும் இல்லை இன்சுலினும் இல்லை என்று கை விரித்துவிடும்.

இந்த "நாராகிறது" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

புனேயிலிருந்து சிட்னிக்கு

அவர் பெயர் மினோதி ஆப்தே. புனே பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு ஆஸ்திரேலியா போனவர். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே பேராசிரியராகி, கணைய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். ஜெரமி வில்சன், ரொமானோ பிரோலா என்ற இரு மூத்த மருத்துவர்களோடு சேர்ந்துதான் தொடங்கினார். 2014-ல் ஆஸ்திரேலிய அரசு அவருக்குப் பதக்கம் அளித்துக் கௌரவித்தது. வாழ்க்கைக் குறிப்பு இது போதும். விருதுப் பட்டியலைவிட அவர் செய்த வேலைதான் நமக்கு முக்கியம்.

கணையத்தைக் கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள். (சிவில் பையன் எழுதினால் இப்படித்தான் வரும், மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) ஜீரண நீர் சுரக்கும் செல்கள் செங்கல். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே கொஞ்சம் சாந்து உண்டு. கொல்லாஜன் என்ற நார்ப்புரதம்தான் அந்தச் சாந்து. நல்ல கணையத்தில் சாந்து மெல்லிய கோடாகத்தான் இருக்கும். நாள்பட்ட அழற்சி வந்த கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் செங்கல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும், மீதி எல்லாம் சாந்து. சரி, இந்தச் சாந்தைப் பூசுகிற கொத்தனார் யார்? தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை இதற்கு யாரிடமும் நேரான பதில் இல்லை.

ஈரல் விஷயத்தில் மட்டும் பதில் இருந்தது. ஜெர்மானியரான குப்ஃபர் 1876-லேயே ஈரலில் நட்சத்திர வடிவச் செல்களைப் பார்த்திருந்தார். வைட்டமின் ஏ சத்தைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்துவைக்கும் செல்கள் அவை. ஈரல் சுருங்கிப்போகும் நோயில் நாரைச் சுரப்பவை இவைதான் என்பது நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து உறுதியானது. 1982-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் கணையத்திலும் இதே மாதிரி வைட்டமின் ஏ செல்கள் தெரிகின்றன என்று எழுதினார்கள். ஆனால் பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு. அந்தச் செல்லைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால்தானே அது என்ன செய்கிறது என்று சோதிக்க முடியும்? பதினாறு வருஷம் அது நடக்கவில்லை.

ஆப்தேயின் குழு அதைச் செய்த விதம் நம் மண் பரிசோதனைக் கூடத்தில் யாருக்கும் புரியும். ஹைட்ரோமீட்டர் சோதனையில் நாம் என்ன செய்கிறோம்? ஜாடியில் மண்ணைக் கலக்கி விட்டால் கனமான மணல் முதலில் இறங்கும், களிமண் மிதந்துகொண்டே இருக்கும். அதே சூட்சுமம்தான். எலியின் கணையத்தை நொதிகளால் தளர்த்தித் தனித்தனிச் செல்களாக்கினார்கள். அடர்த்தி தெரிந்த ஒரு திரவத்தில் கலந்து வேகமாகச் சுழற்றினார்கள். நட்சத்திர செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் இருப்பதால் அது மற்ற செல்களைவிட லேசு. மற்றவை கீழே போக, இவை மட்டும் மேலே ஒரு மங்கலான பட்டையாக ஒதுங்கி நின்றன. அந்தப் பட்டையை உறிஞ்சி எடுத்தால் கொத்தனார் கைக்குள்!

சரியான ஆள்தானா என்று பார்க்கவும் ஒரு வழி இருந்தது. வைட்டமின் ஏ மீது புற ஊதா ஒளி பட்டால் நீலப்பச்சையாக ஒளிர்ந்து சில நொடிகளில் மங்கிவிடும். இவையும் அப்படியே ஒளிர்ந்து மங்கின. மொத்தக் கணையச் செல்களில் இவை சுமார் 4 சதவீதம்தான் என்று கணக்கிட்டார்கள். 1998-ல் இந்த ஆய்வு வெளியானது. அதே வருஷம் ஜெர்மனியில் பாகம் என்பவரின் குழுவும் தனியாக இதே செல்லைப் பிரித்து வெளியிட்டது. இரண்டு கண்டங்களில், ஒரே ஆண்டில், ஒரே செல். இரண்டு பேர் தனித்தனியாக லெவல் எடுத்து ஒரே ரீடிங் வந்தால் அந்த ரீடிங்கை நம்பலாம் இல்லையா? அது போல.

பிறகு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. அமைதியாக இருக்கும்போது இந்தச் செல் நல்ல பிள்ளை. கொஞ்சம் சாந்து பூசும், பழைய சாந்தைப் பெயர்க்கும் நொதியையும் தானே சுரக்கும். வரவும் செலவும் சமம். கணையத்தில் காயம் பட்டு, அழற்சிச் செய்திகளைச் சுமக்கும் புரதங்கள் வந்து தட்டினால் உடனே ஆள் மாறிவிடும். வைட்டமின் ஏ துளிகளைத் தொலைத்துவிட்டு, தசைச் செல் மாதிரிச் சுருங்கும் தன்மை பெற்று, பெருகிப் பெருகிக் கொல்லாஜனைக் கொட்ட ஆரம்பிக்கும். காயம் ஆறியதும் நிறுத்த வேண்டும். காயம் திரும்பத் திரும்ப வந்தால் இவருக்கு நிறுத்தத் தெரியாது. வீடே சாந்தாகிவிடும்.

சாராயம் என்ன செய்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச எனக்குக் காரணம் இருக்கிறது.

என் தாய்மாமன் நிஜமாகவே கொத்தனார். கண் மட்டத்திலேயே தூக்குக்குண்டு வைத்தது போல் சுவர் எழுப்புவார். நான் சிவில் எடுத்ததற்கே அவர்தான் காரணம். பூச்சு வேலையில் நாள் முழுக்க நின்றால் கை வலிக்கும், சாயங்காலம் குவார்ட்டர் இல்லாமல் தூக்கம் வராது என்பார். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு வயிற்றுவலி வந்தது. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் கேஸ் தொந்தரவு என்று ஏழெட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் சாரத்தின் மேலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் அமிலேஸ், லிபேஸ் பார்த்துக் கணையம் என்றார்கள். அடுத்த வருஷம் மறுபடி. ஸ்கேனில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தன. சாப்பாட்டோடு நொதி மாத்திரை போட வேண்டியதாயிற்று. சரிந்த எடை இன்னும் ஏறவில்லை.

நான் லீவில் போயிருந்தபோது அவர் கேட்டது இதுதான்: "மாப்ளே, நீ படிச்சவன், சொல்லு. சுவரு ஏற்கெனவே விரிஞ்சு போச்சு. இனிமே குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன?"

வீட்டில் அத்தை அழுதார். அம்மா திட்டினார். அவர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அதற்குப் பிறகுதான் நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலுமாகத் தேடத் தொடங்கினேன். ஆப்தே என்ற பெயர் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

அந்தக் குழு 2000-ல் ஒன்று கண்டது. குடிப்பவர் ரத்தத்தில் இருக்கக்கூடிய அளவுச் சாராயத்தைக் கண்ணாடித் தட்டில் உள்ள நட்சத்திர செல்களுக்குக் கொடுத்தாலே போதும், அவை விழித்துக்கொண்டு கொல்லாஜன் சுரக்கின்றன. அதுவரை, சாராயம் முதலில் கணையத்தை எரிக்கிறது, அந்தப் புண் ஆறும்போது தழும்பு வருகிறது என்றே நினைத்திருந்தார்கள். இவர்களோ நடுவில் புண்ணே வேண்டியதில்லை, சாராயம் கொத்தனாரை நேரடியாகவே எழுப்பிவிடும் என்றார்கள். ஈரலில் சாராயத்தை உடைக்கும் நொதி இந்தச் செல்லுக்குள்ளும் இருக்கிறது. உடைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடும் விஷம்தான். வைட்டமின் ஈ சேர்த்தால் இந்த விழிப்பு தடைப்படுகிறது என்றும் கண்டார்கள். (உடனே யாரும் குவார்ட்டரோடு வைட்டமின் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். அது தட்டில் நடந்த சோதனை.)

அடுத்து ஒரு பெரிய சந்தேகம். குடிக்கிற எல்லோருக்கும் கணையம் கெடுவதில்லையே, ஏன்? எங்கள் தெருவிலேயே எழுபது வயதில் தினமும் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுகிறவர் இருக்கிறார். சாராயத்தோடு இன்னொன்று சேர வேண்டும் என்று ஆப்தே குழு நினைத்தது. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றின் மேலோட்டில் இருக்கும் ஒரு நச்சுப்பொருள், குடல் சுவர் சாராயத்தால் கசியத் தொடங்கினால் ரத்தத்தில் கலக்கும். ஆகவே எலிகளுக்குச் சாராயம் கலந்த திரவ உணவைப் பல வாரம் கொடுத்து, இந்தப் பாக்டீரிய நச்சையும் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். மனிதருக்கு வருவது போன்ற அழற்சியும் நாரும் எலிக்கும் வந்தன. 2007-ல் வெளிவந்தது இந்த ஆய்வு.

அப்புறம்தான் என் மாமாவின் கேள்வி வருகிறது. 2011-ல் அதே குழு அதே எலிகளை இரண்டாகப் பிரித்தது. இரு தரப்புக்கும் கணையம் ஏற்கெனவே கெட்டிருக்கிறது. ஒரு தரப்புக்குச் சாராயம் தொடர்ந்தது, மறு தரப்புக்கு நிறுத்தப்பட்டது. தொடர்ந்த எலிகளில் சேதம் அப்படியே நின்றது. நிறுத்திய எலிகளில் அழற்சியும் நாரும் பின்வாங்கின. காரணமும் பார்த்தார்கள்: சாராயம் நின்றதும் விழித்திருந்த நட்சத்திர செல்கள் தாமே மடியத் தொடங்குகின்றன. சாராயம் இருக்கும்வரை அவற்றை அது சாகவிடுவதில்லை.

எலி எலிதான், மாமா மாமாதான். பல வருஷம் கல் பிடித்துப்போன மனிதக் கணையம் எலியினுடையது போல் திரும்பிவிடும் என்று சொன்னால் அது பொய். ஆனால் மனிதர்களிலும் ஒரு சோதனை உண்டு. ஃபின்லாந்தில் சாராயத்தால் முதல் முறை கணைய அழற்சி வந்த 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஆஸ்பத்திரியிலேயே ஒரு முறை குடிக்காதே என்று அறிவுரை. பாதிப் பேரை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப அழைத்துப் பேசினார்கள். அவ்வளவுதான், மருந்து எதுவும் இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு முறை மட்டும் அறிவுரை கேட்டவர்களில் 21 சதவீதத்தினருக்கு மறுபடி அழற்சி வந்தது. திரும்பத் திரும்பப் பேசப்பட்டவர்களில் 8 சதவீதம்தான். 2009-ல் வந்த முடிவு இது.

இதை எல்லாம் மாமாவிடம் போய் அவர் பாஷையிலேயே சொன்னேன். "சுவரு விரிஞ்சது விரிஞ்சதுதான் மாமா. ஆனா உள்ளே ஒரு கொத்தனாரு நிறுத்தாம சாந்து அடிச்சிட்டிருக்கான். நீங்க ஊத்துற வரைக்கும் அவன் வேலையை விடமாட்டான். நிறுத்துனா அவனே கரண்டியைக் கீழே போட்டுடுவான்." அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவனுக்குக் கூலி யாரு குடுக்கிறா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எட்டு மாதமாகத் தொடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் போன் செய்து பேசுகிறேன். ஃபின்லாந்துக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் பேசினார்கள், நமக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கட்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கணைய அழற்சி என்றாலே குடிகாரன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், குடியே அறியாத இளைஞர்களுக்கும் சிறுவர்களுக்கும் கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை நோயில் முடியும் ஒரு வகை அழற்சி பல பத்தாண்டுகளாகத் தெரிந்த ஒன்று. கேரள மருத்துவர் கீவர்கீஸ் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இந்த நோயாளிகளைச் சாராயக் கேள்வி கேட்டே கொல்கிறார்கள். பாவம்.

புண்ணிலிருந்து புற்றுக்கு

கணையத்தின் நாள்பட்ட அழற்சி புற்றுநோயில் முடியுமா? ஆல்பர்ட் லோவன்ஃபெல்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஆறு நாடுகளில் 2,015 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1993-ல் கணக்குச் சொன்னார்கள். நோய் கண்ட பத்து வருஷத்தில் 1.8 சதவீதம், இருபது வருஷத்தில் 4 சதவீதம் பேருக்குக் கணையப் புற்று. அடுத்த வருஷம் சென்னை மருத்துவர்கள் அவரோடு சேர்ந்து, மேலே சொன்ன நம் ஊர் வகை நோயாளிகள் 185 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். ஆறு பேருக்குப் புற்று வந்திருந்தது. அந்த வயதுக்கு எதிர்பார்ப்பதைவிட மிக மிக அதிகம். ஆனாலும் இந்த எண்களை நேராகப் படிக்க வேண்டும். இருபது வருஷத்தில் 4 சதவீதம் என்றால் 96 சதவீதம் பேருக்கு வரவில்லை என்றும் அர்த்தம். வீட்டில் அழற்சி நோயாளி இருந்தால் பயமுறுத்த அல்ல, விடாமல் டாக்டரிடம் காட்ட இந்த எண் உதவும்.

புற்று வந்துவிட்டால் நிலைமை கடினம்தான். 2022-ல் உலகில் சுமார் 5 லட்சத்து 10 ஆயிரம் பேருக்குக் கணையப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 67 ஆயிரம். இரண்டு எண்ணும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் தாமதமாகத் தெரிகிறது என்பது ஒரு காரணம். கண்டுபிடித்த பிறகும் மருந்து உள்ளே போவதில்லை என்பது இன்னொன்று. ஏன் போவதில்லை? மறுபடி நம் கொத்தனார்! கணையப் புற்றுக்கட்டியை அறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல், சில கட்டிகளில் 80 சதவீதம் வரைகூட, புற்றுச் செல் அல்ல, நார்தான். கட்டி என்று நாம் தொட்டு உணர்வதே பெரும்பாலும் சாந்து. அது ரத்தக் குழாய்களை நசுக்குகிறது. ஊசியில் ஏற்றும் மருந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இந்த நாரை வெறும் குப்பை என்று விட்டிருந்தார்கள். ஆப்தே குழு 2008-ல் எலியின் கணையத்தில் புற்றுச் செல்லைத் தனியாகவும், நட்சத்திர செல்லோடு கலந்தும் வைத்துப் பார்த்தது. கலந்து வைத்த இடத்தில் கட்டி பெரிதாக வளர்ந்தது, அதிகமாகப் பரவியது. அமெரிக்காவில் இன்னொரு குழுவும் அதே ஆண்டில் இதையே கண்டது. புற்றுச் செல் கொத்தனாரைத் தூண்டுகிறது. அவரோ அதற்கு வளர்ச்சிப் பொருள்களை ஊட்டி, வழி திறந்துவிடுகிறார். திருடனுக்கு வாட்ச்மேனே டார்ச் அடித்துக் காட்டுகிற கதை.

இனிமேல் வருவதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த சோதனை. புற்று வேறு உறுப்புக்குப் பரவும்போது அங்கேயும் அதைச் சுற்றி நார் இருக்கிறது. அந்த நாரைச் சுரப்பது அந்த ஊர்க் கொத்தனாரா, அல்லது கணையத்திலிருந்தே கூட வந்தவரா? எப்படிக் கண்டுபிடிப்பது? செல்லுக்கு ரேஷன் கார்டா இருக்கிறது! ஆப்தே குழு ஒரு யுக்தி செய்தது. பெண் எலி எடுத்தார்கள். பெண் ஒருவரிடமிருந்து வந்த புற்றுச் செல்லை எடுத்தார்கள். நட்சத்திர செல்லை மட்டும் ஆண் ஒருவரின் கணையத்திலிருந்து எடுத்துக் கலந்து, எலியின் கணையத்தில் வைத்தார்கள். ஆணின் செல்லில் மட்டும்தானே ஒய் குரோமோசோம் இருக்கும். சில வாரங்கள் கழித்து ஈரல் முதலிய இடங்களில் பரவியிருந்த கட்டிகளை எடுத்து ஒய் குரோமோசோமைத் தேடினார்கள். இருந்தது! அதாவது கொத்தனார் கரண்டியோடும் சட்டியோடும் புற்றுச் செல்லுடன் ரத்தத்தில் பயணம் செய்து, போன ஊரில் மறுபடி சுவர் எழுப்பியிருக்கிறார். 2010-ல் வெளியான இந்தச் சோதனையில் விலை உயர்ந்த கருவியைவிட யோசனைதான் பெரிது.

இதைப் படித்தவுடன் நம் மாதிரி ஆட்களுக்கு என்ன தோன்றும்? சாந்தை இடித்துத் தள்ளினால் போச்சு! மருத்துவ உலகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. 2009-ல் வேறொரு குழு நாரைக் குறைக்கும் ஒரு மருந்தைச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது கட்டிக்குள் மருந்து நன்றாகப் பாய்ந்தது. எல்லோரும் குதித்தார்கள். மனிதர்களில் சோதித்தபோது, அந்த மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிட முன்னதாகவே இறந்தார்கள். 2012-ல் சோதனை நிறுத்தப்பட்டது. 2014-ல் இரண்டு குழுக்கள், சுண்டெலியில் இந்த நார்ச் செல்களை அடியோடு ஒழித்தால் புற்று இன்னும் மூர்க்கமாகிறது என்று காட்டின. சாந்துக்குள் இருக்கும் ஒரு பொருளைக் கரைக்கும் இன்னொரு மருந்தும் 2019-ல் பெரிய சோதனையில் தோற்றது.

பழைய கட்டடத்தில் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று பார்க்காமல் இடித்தால் கூரை தலையில் விழும் என்று நமக்கு இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த நார் புற்றுக்கு உதவுகிறது, அதே நேரம் புற்றை ஓரளவு வேலி போட்டும் வைத்திருக்கிறது. கொத்தனார்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. என் அபிப்பிராயத்தில், தோற்ற அந்தச் சோதனைகள்தான் இந்தத் துறைக்கு நிதானத்தைக் கொடுத்தன. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தது அந்த நோயாளிகள் என்பதையும் மறக்கக் கூடாது.

அதன் பிறகு வந்த யோசனை, கொத்தனாரைக் கொல்லாதே, அவருக்கும் புற்றுக்கும் உள்ள பேச்சை அறு என்பது. நட்சத்திர செல் ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது. அது சாவி. புற்றுச் செல்லின் மேல் அதற்கான பூட்டு இருக்கிறது. சாவியையும் தடுத்து, பூட்டையும் அடைத்து, கூடவே ஜெம்சிடபைன் என்ற வழக்கமான புற்றுமருந்தும் கொடுத்தால், சுண்டெலியில் கட்டி சிறுத்து, பரவலும் அடங்குகிறது என்று சிட்னி குழு காட்டியது. சாவியை மட்டும் தடுத்து ஜெம்சிடபைன் சேர்த்தபோது பரவலில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

இன்னொரு வழி, அவரைத் திரும்பத் தூங்க வைப்பது. விழிக்கும்போது அந்தச் செல் தொலைப்பது வைட்டமின் ஏ என்று முன்பே சொன்னேன் அல்லவா? அதைத் திருப்பிக் கொடுத்தால்? 2006-லேயே ஆப்தே குழு தட்டில் செய்து பார்த்தது. வைட்டமின் ஏ வகைப் பொருள் சேர்த்ததும் செல்கள் அடங்கின. லண்டனில் ஹேமந்த் கோச்சரின் குழு, ஒரு வகை ரத்தப் புற்றுக்கு ஏற்கெனவே மருந்தாக இருக்கும் வைட்டமின் ஏ அமிலத்தை, வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கணையப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அளவும் பாதுகாப்பும் பார்க்கும் முதல் கட்டச் சோதனை அது. நோயாளிகள் தாங்கிக்கொண்டார்கள் என்று 2020-ல் முடிவு வந்தது. ஆயுள் கூடுகிறதா என்பதைச் சொல்ல அடுத்த கட்டச் சோதனை வேண்டும். அதற்கு இன்னும் நிறையப் பேரை வைத்து, ஒரு பாதிக்குக் கொடுத்து மறு பாதிக்குக் கொடுக்காமல், வருஷக்கணக்கில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வேலையையும் லண்டன் குழு கையில் எடுத்தது.